கடைசி ஆள் வரும்வரை

பதிவு 1
2038 மார்ச் 3, காலை 8.20
இடம்: குவாத்தமாலாவின் வடக்குக் காடு. மாயன் கோயில் இடிபாட்டுக்கு அடியில் உள்ள குகை. வாயிலிருந்து 120 மீட்டர் உள்ளே, பழைய கற்சுவர்.
வெப்பம் 24. காற்று நன்று. கீழ்த் தொலைபேசியின் துடிப்பு: நொடிக்கு ஒன்று.

எழுதுபவர் கோகிலவாணி, புவி இயற்பியல் ஆய்வாளர், கோயம்புத்தூர். விடுமுறையில் இருக்கிறேன். விடுமுறைக்கு யாராவது புவியீர்ப்புமானியைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று ரங்கண்ணன் விமான நிலையத்திலிருந்து இதுவரை பதினொரு முறை கேட்டுவிட்டார்.

குழு ஐந்து பேர். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளியங்கிரி ஏறிப் பழகிய கூட்டம், கால் கொழுத்துப்போய் இங்கே வந்திருக்கிறது. ரங்கண்ணன் பம்புசெட் பட்டறைக்காரர், தலைவர். சுலோச்சனா அவர் மனைவி, சாப்பாட்டுப் பொறுப்பு. தேவசகாயம் பள்ளி விளையாட்டு ஆசிரியர், வாய் ஓயாது. மிருதுளா என் மகள், பதினேழு வயது. அவள் அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நேற்று கோயில் படியில் தேவசகாயத்தை முந்தப் போய் முட்டியை உடைத்துக்கொண்டேன். தேங்காய் அளவுக்கு வீக்கம். ஆகவே இன்று நான் சுவரோடு சரி. மற்ற நால்வரும் 310 மீட்டர் கீழே இருக்கும் பெரிய மண்டபத்துக்குப் போகிறார்கள். கம்பித் தொலைபேசியை இழுத்துக்கொண்டே போகிறார்கள். லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, கீழ்க் கருவி நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும்.

வழிகாட்டி மத்தேயோ சோக் இந்த ஊர் மாயன். சுவரைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார். ஏன் என்றதற்கு, கீழே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அவர்களுக்கும் ஒரு பொட்டலம் கட்டியிருக்கலாமே என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

பொட்டலம் ஐந்து. சுலோச்சனா விடியுமுன் எழுந்து புளிசாதம் கிளறி, சந்தையில் வாங்கிய வாழையிலையில் கட்டியிருக்கிறாள். யாரும் இன்னும் காப்பி தவிர எதுவும் தொடவில்லை. கீழே போய்த்தான் சாப்பாடு. மிருதுவின் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், நானும் மெதுவாக இறங்கி ஒன்பதரைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவைத்தேன். என் பொட்டலத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், போகும் எண்ணம் எனக்கு இல்லை.

8.05க்கு இறங்கினார்கள். நான் உட்கார்ந்திருக்கும் கல் வழவழப்பாக, நடுவில் குழிந்து, யாரோ எனக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. பக்கத்தில் பழைய பானைகள். பொழுது போகாமல் எண்ணினேன். முப்பத்தொன்று.

பதிவு 2
மார்ச் 3, காலை 10.50
துடிப்பு இடைவெளி: 9 நொடி.

சரிவில் கட்டிய முதல் கயிற்றை இறங்கியதும் 8.35க்கு வர வேண்டிய அழைப்பு வரவில்லை. 9.20க்கு முதல் கயிற்றிலிருந்து தேவசகாயம் பேசினான். பேட்டரி தீர்ந்த டேப் போல இழுத்தது.

"அக்...கோவ்... மொதக்... கயிறு... எறங்...கியாச்சுங்..."

மின்கலம் பழசு என்று கடைக்காரனைத் திட்டினேன். பிறகு துடிப்பைப் பார்த்தேன். இரண்டு நொடிக்கு ஒன்று. பிறகு மூன்றுக்கு. இப்போது ஒன்பது. லைன் மின்னழுத்தம் சரி. மேல் மின்கலத்தை மாற்றினேன், மாற்றமில்லை. புவியீர்ப்புமானி காலையிலிருந்து மெல்ல இறங்குகிறது. எரிச்சலாக இருக்கிறது. கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 3
மார்ச் 3, மாலை 6.00
துடிப்பு இடைவெளி: 40 நொடி.

பிற்பகல் ஒன்றுக்கு அவர்கள் மேலே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லைனில் பேச்சு இல்லை. அடித்தொண்டை உறுமல் மட்டும். அதைப் பதிவுக் கருவியில் எடுத்து, என்ன இழவு இது என்று வேகம் கூட்டிக் கேட்டேன். நாற்பது மடங்கு கூட்டியபோது உறுமல் மனிதக் குரலானது.

தேவசகாயம்: "அக்கோவ், வந்து சேந்துட்டோமுங்க. மண்டபம் பெருசு, நம்மூரு கல்யாண மண்டபம் ரண்டு வெக்கலாம். போன்ல என்னமோ சில்வண்டு கத்துதுங்க, உங்க சத்தமே காணம். ரிசீவர இந்தக் கல்லு மேலயே வெச்சுட்டுப் போறேன். நீங்க பைய வாங்க."

பின்னால் மிருது சிரிக்கும் சத்தம். நான்கு பேரும் நலம்.

கருவிக் கோளாறு இல்லை. குரல் இழுபடுகிறது, துடிப்பு இழுபடுகிறது, இரண்டும் ஒரே அளவில். கீழே நேரமே மெதுவாக ஓடுகிறது. அவர்களுக்கு ஒரு நிமிடம் என்றால் எனக்கு நாற்பது நிமிடம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கடிகாரமும் பசியும் எல்லாம் அவர்களோடு சேர்ந்தே மெதுவாகிறது.

ஏழு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சில்வண்டு நான்தான்.

பதிவு 4
மார்ச் 5, பகல் 2.00
துடிப்பு இடைவெளி: 1 நிமிடம் 40 நொடி.

வீதம் நூறு. ஏறிக்கொண்டே போகிறது. அணைக்குள் தண்ணீர் ஏறுவதுபோல, அடியிலிருந்து மேலே. தேக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது கட்டுப்படும் என்று எங்கள் துறையில் ஒரு மூடநம்பிக்கை.

எப்படிப் பேசுவது என்று கண்டுபிடித்துவிட்டேன். என் குரலைப் பதிந்து நூறு மடங்கு இழுத்து லைனில் விட வேண்டும். "எல்லாரும் உடனே மேல வாங்க." மூன்று நொடிப் பேச்சு, ஐந்து நிமிடம் ஓடுகிறது. நேற்று காலையிலிருந்து திரும்பத் திரும்ப விடுகிறேன். ரிசீவர் கல்மேல் கிடக்கிறது. அவர்கள் இருபது அடி தள்ளி இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பேசுவது எல்லாம் கேட்கிறது. நான் பேசுவது ஒரு கல்லுக்குக் கேட்கிறது.

மிருதுளா: "பெரியப்பா, இங்க எட்டிப் பாருங்க. குழிக்குள்ள சிலை இருக்கு. ஒம்பது பேரு வட்டமா உக்காந்திருக்காங்க. நடுவுல பானை. எவ்ளோ தத்ரூபமா பண்ணியிருக்காங்க, உதட்டுல ஈரம் கூட தெரியுது."

சுலோச்சனா: "சிலைய அப்பறம் பாக்கலாம். எல போட்டாச்சு, வந்து உக்காரு கண்ணு."

ரங்கண்ணன்: "அம்மிணி வரட்டும். வந்தாத்தான பிரிக்கோணும்."

இதை விளக்க வேண்டும். ஒன்பது வருடம் முன்பு வெள்ளியங்கிரி ஐந்தாம் மலையில் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. பனிமூட்டத்தில் மூன்று மணி நேரம் தனியாகக் கிடந்தேன். ஊர்ந்து மேலே போனால், இவர்கள் சாப்பிட்டு முடித்து இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். கடைசி ஆள் வராமல் பொட்டலம் பிரிக்கக் கூடாது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் கிளம்பக் கூடாது. அன்றிலிருந்து இந்தக் கூட்டம் அதை மீறியதே இல்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

இப்போது கடைசி ஆள் நான்.

பதிவு 5
மார்ச் 9, காலை 11.15
துடிப்பு இடைவெளி: 10 நிமிடம்.

மத்தேயோ நகரத்துக்குப் போய் மீட்புக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இளைஞர்கள், நல்ல உடம்பு. போகாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொன்னேன். கணக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளையைத் தொலைத்த அம்மா உளறுகிறாள் என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சுவரிலிருந்து பதினெட்டாவது மீட்டரில் அவர்கள் விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. உண்மையில் அணையவில்லை, அவ்வளவு மெதுவான வெளிச்சம் என் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடிக்கவும் பயம். என் வெளிச்சம் முழுவதும் அவர்கள்மேல் நெருப்பாக ஒரே நேரத்தில் கொட்டும். கண் சிமிட்டும் நேரம் மட்டும் அடித்து அணைத்தேன். முதல் ஆளின் வலது கால் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றிருந்தது.

இனி யாரும் உள்ளே போகக் கூடாது என்று அரசாங்கத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. என்னையும் வெளியேறச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். தூக்கிக்கொண்டு போக யாருக்கும் சுவர் அருகே வரத் துணிவில்லை.

கீழே மணி ஒன்பதே முக்கால் தாண்டியிருக்கும்.

சுலோச்சனா: "பசி உசுரு போகுது. எங்க போச்சு இந்தக் கோகிலா?"

தேவசகாயம்: "கையில கடியாரம் கட்டியிருக்கறது சும்மா அழகுக்குத்தானுங்க. வருவாங்க, வருவாங்க."

பிரித்துத் தின்னுங்கள்! தின்றுவிட்டு ஏறுங்கள்! காகிதத்தில் கத்துகிறேன்.

பதிவு 6
மார்ச் 14, மாலை 4.30
துடிப்பு இடைவெளி: 24 நிமிடம்.

அவர்களுக்கு ஒரு நிமிடம், எனக்கு ஒரு நாள்.

ரிசீவரை எடுத்துவிட்டாள். மிருது எடுத்துவிட்டாள். பன்னிரண்டு நொடி பேசியிருக்கிறாள். அது வந்து சேர ஐந்து மணி நேரம். வேகம் கூட்டாமல் அந்த உறுமலையே காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா? உன் கொரலா இது? கொழந்த பேசற மாதிரி கீச்சுகீச்சுன்னு கேக்குது, ஒண்ணும் புரியல. முட்டி வலிக்குதா? அவசரமில்ல, மெதுவா வா. உன் பொட்டலம் என் மடியிலதான் இருக்கு. யாரும் பிரிக்கல."

கீச்சுகீச்சு. நான் இழுத்து அனுப்புவதற்குள் வீதம் ஏறிவிடுகிறது, ஆகவே என் குரல் அங்கே எப்போதும் கொஞ்சம் வேகமாகவே போய்ச் சேர்கிறது. முன்கூட்டிக் கணித்து, நாளைய வீதத்துக்கு இழுக்க வேண்டும்.

பதிவு 7
மார்ச் 20, பகல் 1.00
துடிப்பு இடைவெளி: 50 நிமிடம்.

பதினைந்தாம் தேதி இரண்டு செய்தி அனுப்பினேன். முதலாவது உண்மை: கீழே நேரம் மெதுவாக ஓடுகிறது, இங்கே பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, ஓடி வாருங்கள். இரண்டாவது பொய்: விழுந்து கால் ஒடிந்துவிட்டது, தூக்க ஆள் வேண்டும், ஏறி வாருங்கள். ஏதாவது ஒன்றுக்கு அசைவார்கள் என்று நினைத்தேன். அசைந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரங்கண்ணன்: "பன்னண்டு நாளா! ஏன் அம்மிணி, அப்ப உனக்கு நரையே வந்திருக்குமே!"

தேவசகாயம்: "போன வருசம் கொல்லிமலையிலயும் இதே கததானுங்க. கால் ஒடைஞ்சுதுன்னு நம்மள ஆயிரம் படி திரும்ப எறங்க வெச்சாங்க. எறங்கிப் பாத்தா கீழ உக்காந்து பஜ்ஜி தின்னுட்டு இருக்காங்க. இப்பக் கொரல மாத்தி வேற பேசறாங்க."

ஆமாம், தின்றேன். மூன்று பஜ்ஜி. இவர்கள் மூச்சு வாங்க இறங்கி வந்ததைப் பார்த்து அன்று நான் சிரித்த சிரிப்பு எனக்கே இப்போது கேட்கிறது.

மிருது இன்னொன்றும் சொல்கிறாள். "பெரியம்மா, அந்தச் சிலையில ஒண்ணு, நாம வந்தப்ப அந்தப் பக்கம் பாத்துட்டுல்ல இருந்துச்சு?"

குழி இன்னும் ஆழம். அங்கே தேக்கம் இன்னும் கெட்டி. அவை சிலைகள் இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

டார்ச் ஒருமுறை சிமிட்டினேன். மீட்புக்காரன் கால் நான்கு விரல் இறங்கியிருக்கிறது.

பதிவு 8
ஏப்ரல் 2, காலை 9.00
துடிப்பு இடைவெளி: 4 மணி நேரம்.

ஆறு நொடிப் பேச்சுக்கு ஒரு நாள் ஆகிறது. மின்கலம் மத்தேயோ தயவில் ஓடுகிறது. வாரம் ஒருமுறை சோள ரொட்டியும் மின்கலமும் சுமந்து வருகிறார்.

கணக்கு: அவர்கள் ஏற இருபத்தைந்து நிமிடம் வேண்டும். ஏற ஏறத் தேக்கம் நீர்த்துவிடும், அதனால் முதல் சில நிமிடம்தான் விலை அதிகம். இப்போதே எழுந்தால் ஒரு வருடத்துக்குள் வெளியே வருவார்கள். ஒரு வருடம் நான் தாங்குவேன். இரண்டு நிமிடம் தாமதித்தால் பத்து வருடம். ஐந்து நிமிடம் தாமதித்தால் என் ஆயுசுக்குள் இல்லை.

அவர்களை எழுப்ப ஒரே வழி இருக்கிறது. இரண்டு வாரமாகத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. என்னை வெறுக்க வைக்க வேண்டும். நான் வாங்கிய சத்தியத்தை நானே மீறிவிட்டேன் என்று நம்ப வைக்க வேண்டும். வேடிக்கைக் குரல் இல்லாமல், தடித்துப்போன என் சொந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லையும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து. நாற்பது முறை பதிந்தேன். முப்பத்தொன்பதில் அழுதுவிட்டேன்.

அனுப்பியது: "நான் சாப்பிட்டாச்சு. உங்களை விட்டுட்டுக் கிளம்பிட்டேன். எனக்காக யாரும் உக்காந்திருக்க வேண்டாம்."

நாளை காலை 9.10க்குக் கடைசிச் சொல் போய்ச் சேரும்.

பதிவு 9
ஏப்ரல் 10, மாலை 5.40
துடிப்பு இடைவெளி: 6 மணி நேரம்.

வந்தது வந்தபடி.

சுலோச்சனா: "என்னது, தின்னுபோட்டாளா? நம்மள இங்க உக்கார வெச்சுப்போட்டு? நல்லாருக்குது நாயம்! எந்திரிங்க எல்லாரும்."

ரங்கண்ணன்: "அம்மிணி அப்பிடிப் பண்ணாதே... செரி, கட்டுங்க எல்லாத்தையும். மேல போயி ரண்டு கேள்வி கேக்கோணும்."

இலைச் சரசரப்பு. பை ஜிப் இழுக்கும் சத்தம். எழுந்துவிட்டார்கள். ஏப்ரல் ஏழாம் தேதி முழுக்க நான் இந்தக் கல்லில் உட்கார்ந்து பைத்தியம் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டுங்கள், தாயே, திட்டிக்கொண்டே ஏறுங்கள்.

எட்டாம் தேதி என் மகள் வாயைத் திறந்தாள்.

மிருதுளா: "எங்கம்மா நான் சாப்பிடாம சாப்பிடாது, பெரியம்மா. காய்ச்சல்ல கெடந்தப்பவே நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உக்கார்ற வரைக்கும் கஞ்சியத் தொடல. சும்மா நம்மளக் கிளப்பி உடப் பாக்குது. இந்நேரம் பாதி வழி வந்திருக்கும். வர்றேன்னு சொன்னா வந்துரும். நீங்க வேணும்னா போங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

ரங்கண்ணன்: "உன்னைய உட்டுப்போட்டு எங்க கண்ணு போறது? செரி செரி, எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார்கள்.

பதிவு 10
ஏப்ரல் 23, காலை, மணி பார்க்கவில்லை
துடிப்பு இடைவெளி: 8 மணி நேரம் இருக்கலாம். நேற்று ஒன்றைத் தவறவிட்டேன்.

வெப்பம் எழுதவில்லை. யாருக்கு வேண்டும்.

கணக்கு மட்டும் போடுகிறேன். மார்ச் 3 அன்று, சொன்னபடி, ஒன்பதரைக்குள் போய்ச்சேர, நொண்டிக்கொண்டு போயிருந்தால்: நாற்பது நிமிட நடை. உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம். எல்லாரும் சேர்ந்து ஏறியிருந்தால் ஒரு மாதத்துக்குள் வெளியே. மார்ச் 5 அன்று போயிருந்தாலும் மூன்று மாதம். ஒரு வேலை போயிருக்கும், ஒரு பள்ளித் தேர்வு போயிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். நான் என்ன செய்தேன்? சுவரருகே உட்கார்ந்து அளந்தேன். எழுதினேன். பொய்க்குரல் தயார் செய்தேன். வருகிறேன் என்று சொன்ன நான் வராததுதான் இங்கே நடந்த ஒரே தவறு.

மத்தேயோ குகை வாயிலிலிருந்து வாக்கிடாக்கியில் பேசினார். நான் பானைகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில்:

"அம்மா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கல்லை யாரும் செதுக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே அது குழிந்தது. கீழே இருப்பவர்களின் வீட்டார் அங்கே உட்காருவார்கள் என்று என் அப்பா சொல்வார். ஒவ்வொரு வருடமும் மே மாதம், முதல் மழைக்கு முன்னால், எங்கள் குடும்பம் அங்கே சோளக் கஞ்சி வைக்கும். அவர்கள் ஏறி வரும்போது பசியோடு வருவார்கள். இந்தச் சுவர் மூன்றாவதாகக் கட்டியது. முதல் சுவர் இன்னும் மேலே இருந்தது, இரண்டாவது கீழே. நீங்கள் சொல்லும் தேக்கம் ஏறும். இறங்கவும் செய்யும். எப்போது என்று எங்களுக்குத் தெரியாது."

இறங்கவும் செய்யும்.

மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேலே இருந்த முதல் சுவரின் அடித்தளத்தை நானே நொண்டி நொண்டிப் போய்த் தடவிப் பார்த்தேன். இருக்கிறது.

அப்படியென்றால் அந்த ஒன்பது பேரும் பானையை நடுவில் வைத்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தவள் ஏன் போகவில்லை? அவளும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளா?

பதிவு 11
2038 மே 10, காலை 7.30
துடிப்பு இடைவெளி: 12 மணி நேரம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு.

நான் கீழே போகிறேன். முட்டி வீக்கம் என்றோ வடிந்துவிட்டது, கம்பு ஊன்றினால் நடக்கலாம். என் கணக்குப்படி நான் மண்டபத்தை அடைய எனக்கு நாற்பது நிமிடம், உங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல். திரும்பி வர எவ்வளவு என்று எண் இல்லை. தேக்கம் என்றைக்காவது இறங்கும் என்று மத்தேயோ சொல்கிறார். என் பட்டத்தையும் முப்பது வருட வேலையையும் விட அவர் அப்பா சொன்னதை நம்புகிறேன்.

பயமாக இருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டு அணைத்தேனா என்றுகூட யோசனை ஓடுகிறது. ஆனால் என் பெண் என் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னது எதுவும் பொய்யாகக் கூடாது.

பதிவுக் கருவியை இங்கே விட்டுப் போகிறேன். இடுப்பில் ஒரு ரிசீவரை லைனோடு கவ்வவைத்திருக்கிறேன். நான் பேசுவதைக் கருவி தானே வேகம் கூட்டி, எழுத்தாக்கி, தேதியிடும். சூரியத் தகடு குகை வாயிலில் இருக்கிறது. மின்கலம் மாற்றுகிறவர் பச்சைப் பொத்தானை அழுத்திப் பெயர் சொல்ல வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. யாரையும் கூப்பிட உள்ளே போகாதீர்கள். துடிப்பு இடைவெளி குறைய ஆரம்பித்தால், சுவரருகே ஏதாவது சாப்பிட வையுங்கள். எங்கள் ஐந்து பேருக்கு, மீட்புக்காரர் இரண்டு பேருக்கு, ஒன்பது பேருக்கு. பதினாறு.

ஒரு கிண்டல் பாக்கி இருக்கிறது. தேவசகாயத்தைப் பார்த்ததும், சில்வண்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

தானியங்கிப் பதிவு. பேசுபவர்: கோகிலவாணி.

2038 மே 10, காலை 8.12
"கிளம்பிட்டேன். கல்லு வழுக்குது. பரவால்ல."

2038 மே 10, மாலை 3.50
"ஐயோ, நடக்கறாங்க! அந்த ரண்டு பேரும் நடந்துட்டுத்தான் இருக்காங்க. காலு கீழ வந்துருச்சு. என்னயப் பாத்துத் திரும்பறாங்க. வாங்க சாமி, சேந்து போலாம்."

2038 ஜூன் 2
"மொதக் கயிறு. பிடிச்சுட்டேன்."

2039 மே 6
மின்கலம் மாற்றியவர்: மத்தேயோ. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2039 நவம்பர் 19
"சுலோச்சனா சத்தம் கேக்குது. மெஷினில்லாம கேக்குது."

2046 மே 4
மின்கலம் மாற்றியவர்: மத்தேயோ. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2048 ஜனவரி 30
"வெளிச்சம் தெரியுது. நாலு பேரும் இருக்காங்க."

2059 மே 9
மின்கலம் மாற்றியவர்: எல்வீரா சோக், மத்தேயோவின் மகள். சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2071 ஆகஸ்ட் 14
"எலய விரிச்சு"

2074 மார்ச் 2
"வெச்சிருக்காங்க"

2102 மே 7
மின்கலம் மாற்றியவர்: பெயர் சொல்லப்படவில்லை. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2119 அக்டோபர் 21
"மிருது"

2137 மே 5
மின்கலம் மாற்றியவர்: சிறுகுரல், பெயர் விளங்கவில்லை. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2151 பிப்ரவரி 11
"வந்துட்டேன்"

2188 மே 8
மின்கலம் மாற்றியவர்: ரொசால்பா. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2193 டிசம்பர் 3
"கண்ணு"

2240 மே 6
மின்கலம் மாற்றியவர்: பெயர் சொல்லப்படவில்லை. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.

2246 ஜூலை 17
இரண்டாவது குரல். பேசுபவர்: மிருதுளா. ஒரு சொல் தொடங்கியிருக்கிறது. முதல் ஒலி "அ".

2291 மே 9
மின்கலம் மாற்றியவர்: பெயர் சொல்லப்படவில்லை. சுவரருகே கஞ்சி வைக்கப்பட்டது.
சொல் இன்னும் முடியவில்லை.